ரெண்டு ஆஃப், ஒரு ஃபுல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

கடை முதலாளி. எல்லோருக்கும் அவர் பாய்.

பாயின் மனைவியுடைய தம்பி. பாய் அவரை மச்சான் என்பார். அவரும் பாயை மச்சான் என்பார். குழப்பம் வேண்டாம் என்று நாங்கள் தம்பியை மட்டும் மச்சான் என்று வைத்துக்கொண்டோம்.

பேங்க் சார். இரும்புலியூரில் வீடு. ஞாயிறு தவறாமல் வருவார்.

டீச்சர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். அவர் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள்.

நான். அண்டாவுக்குப் பக்கத்தில்.

பேங்க் சார் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு தராசு. அதையும் சேர்க்க வேண்டும். அன்றைக்கு அதிகம் பேசியது அதுதான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. தாம்பரம் மேற்கில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் மூன்றாவது கடை எங்களுடையது. பிரியாணி மட்டும்தான். ஃபுல், ஆஃப். வேறு கிடையாது. ஆஃபுக்கு விலை ஃபுல்லில் சரி பாதி. பாய் அதில் கண்டிப்பு.

என் வேலை சாசர் பிடிப்பது. டீ கப்புக்கு அடியில் வைக்கிற பீங்கான் சாசர்தான். அதை அண்டாவின் ஓரத்தில் சாய்த்து இறக்கி, அடிவரை போய், தூக்கி, தட்டில் போட வேண்டும். கரண்டி ஆகாது. கரண்டி அரிசியை உடைக்கும். அன்றைக்கு நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம். சாசர் பிடிக்கிறவனை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். உள்ளே சாக்கடை ஓரம் உட்கார்ந்து வெங்காயம் அரிகிறவனைக் கூப்பிடவே மாட்டார்கள். வெங்காயம் வேண்டும்போது 'வெங்காயம்' என்று கத்துவார்கள். அவன் வருவான்.

மச்சான் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாணியம்பாடிப் பக்கம் அரிசி மண்டியில் இருந்தவர். மண்டியை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து என் சாசரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

'மச்சான், இது அளவே இல்லியே,' என்று பாயிடம் சொன்னார். 'கண்ணால பாத்துப் போடுறாரு. மண்டியில இப்படிப் போட்டா மறுநாள் கதவு தொறக்காது.'

பாய் ஒரு பக்கமும் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

'இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னு வெச்சுக்க, சாசர மச்சான் கையில குடுத்துடு. நீ வெங்காயத்தப் பாத்துக்க.'

சரி என்றேன்.

இந்த ஆஃப் என்கிற வார்த்தை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆஃப் டிராயர் போட்டேன். ஆறாவதில் ஆஃப் இயர்லி பரீட்சை எழுதினேன். முடிவைப் பார்க்கப் போகவில்லை. ஆள் குள்ளம் என்பதால் மின்சார ரயிலில் ரொம்ப நாள் ஆஃப் டிக்கெட்டில் போனேன். ஒரு தடவை டி.டி.ஆர். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

'தம்பி, மீசைக்குத் தனியா டிக்கெட் எடுத்தியா?'

அதற்குப் பிறகு ஃபுல் டிக்கெட்.

கல்யாணத்துக்கு அப்புறம் என் மனைவி என்னை ஆஃப் மெண்டல் என்பாள். முழுசாகச் சொன்னதில்லை. அந்த மரியாதை இருந்தது. பாய் வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆஃப் டே என்பார். தொழுகை முடிந்து கூட்டம் வரும். அது முடிந்து, அண்டா கழுவி, நான் கிளம்பும்போது மணி ஐந்தரை. அந்த நாளில் மீதிப் பாதி எது என்று நான் கேட்டதில்லை. ஆஃப் பாயிலில் வெள்ளை முழுசாக வெந்திருக்கும், மஞ்சள் வெந்தே இருக்காது. அதையும் ஆஃப் என்றுதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஆஃப் சாரி கட்டியபோது பார்த்தேன். மூன்று துணி சேர்த்து உடுத்தியிருந்தது. மதியத்திலேயே சிலர் வந்து கல்லாவில் குனிந்து 'ஒரு ஆஃப்' என்பார்கள். பாய் அவர்கள் கண்ணைப் பார்ப்பார். கண் சிவப்பாக இருந்தால், 'அது ஸ்டேஷன் பக்கம் கீது, போ' என்பார்.

இத்தனை ஆஃபில் ஒன்றுகூட சரி பாதி இல்லை. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

என் ஆஃபும் பாதி இல்லை. இதை இப்போது சொல்லலாம். அப்போது சொல்லியிருந்தால் வெங்காயம்.

விஷயம் இதுதான். கடையில் தட்டு ஒரே அளவு. ஃபுல்லுக்கும் அதே தட்டு, ஆஃபுக்கும் அதே தட்டு. ஃபுல் போட்டால் தட்டு நிறையும். அதில் பாதி போட்டால், யாரோ தின்றுவிட்டு எழுந்துபோன தட்டு மாதிரி இருக்கும். அதை ஒருத்தர் முன்னால் வைக்கக் கை கூசும். கை இன்னொரு கால் சாசர் போடும். பிறகு ஓரத்தில் கொஞ்சம். ஃபுல் சாப்பிடுகிறவர் தட்டைப் பார்க்க மாட்டார். ஆஃப் சாப்பிடுகிறவர் சாசர் கீழே போவதிலிருந்து பார்ப்பார். பதினோரு வருடம் அப்படிப் பார்த்தால் கை என்ன செய்யும்.

கடைக்கு ரெகுலராக வருகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு பேர் வந்தால் ஒரு ஃபுல் வாங்கிப் பிரிக்க மாட்டார்கள். ரெண்டு ஆஃப் என்பார்கள். ஒருத்தர் வந்தாலும் சில பேர் ரெண்டு ஆஃப் என்பார்கள். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார்கள். நானும் அவர்களைப் பார்க்க மாட்டேன். பாய்க்கு மட்டும் தெரியாது. அவர் கல்லாவில் முதுகைக் காட்டி உட்காருவார்.

பேங்க் சாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. அவர் எப்போதும் ஃபுல் பார்சல் வாங்குவார். ஒரு வாரம் மகன் வந்திருந்தான் என்று ரெண்டு ஆஃப் வாங்கிப் போனார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவரே சொன்னார். அடுத்த ஞாயிறு தராசோடு வந்தார்.

சமையலறைத் தராசு. மேலே பிளாஸ்டிக் தட்டு, முன்னால் வட்டமாக முள். மேசையில் வைத்து, கடைத் தட்டு ஒன்றைக் காலியாக ஏற்றி, முள்ளைச் சைபருக்குத் திருகினார்.

'ஒரு ஃபுல், ரெண்டு ஆஃப். தனித்தனியா குடுங்க மாஸ்டர்,' என்றார். 'எனக்கு அரிசி வேணாம். கணக்குதான் வேணும்.'

பாய் கல்லாவிலிருந்து திரும்பினார். மச்சான் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

குறைத்துப் போடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. கை எப்போதும் போல் போட்டது.

ஃபுல் அறுநூறு கிராம். ஒரு ஆஃப் முந்நூற்று எண்பது. இன்னொரு ஆஃப் முந்நூற்று எழுபது.

பக்கத்து மேசைக்காரர் தன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரும் ஆஃப்.

'இன்னாப்பா இது?' என்றார் பாய்.

'அதான்,' என்றேன்.

'அதான்னா?'

'ஆஃப் அவ்ளோதான் வரும் பாய்.'

'பதினோரு வருஷமாவா?'

நான் சாசரைத் துடைத்தேன்.

மச்சான் மெதுவாகச் சொன்னார். 'மச்சான், ரெண்டு ஆஃபுக்கு நூத்தம்பது கிராம் மேல போவுது. வருஷக் கணக்குல பாத்தா எத்தினி அண்டா? நெனச்சுப் பாருங்க.'

பாய் நினைத்துப் பார்த்தார். முகத்தில் தெரிந்தது.

அப்போது மூலை மேசையிலிருந்து டீச்சர் பேசினார். அவருக்கு எப்போதும் ஒரு ஆஃப்தான். 'ஆஃப்தானே அண்ணா, அது சாப்பிட்டதுல சேராது,' என்பார். அவருடைய ஆஃப் நானூறு கிராம் இருக்கும். தராசு தன் மேசைக்கு வருவதற்கு முன்னால் பேசிவிட நினைத்திருக்கலாம்.

'சார், அந்த வார்த்தைக்குப் பாதின்னு அர்த்தமே பின்னாடிதான் வந்துது,' என்றார். 'ஆதியில ஹாஃப்னா பக்கம். ஒரு சைடு. சமமா இருக்கணும்னு யாரும் சொல்லல.'

பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றினார். 'டீச்சர், சைடுன்னா எத்தன கிராம்?'

'நீங்க பேங்க் லெட்டர்ல ஆன் பிஹாஃப்னு போட்டுக் கையெழுத்துப் போடுறீங்கல்ல. அதுல பாதி எங்க இருக்கு? அவங்க பக்கத்துல நின்னு போடுறேன்னு அர்த்தம். பழைய அர்த்தம் அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு.'

'இருபத்தெட்டு வருஷமா போடுறேன். யாரும் சொல்லல.'

'வீட்டம்மாவ பெட்டர் ஹாஃப்னு சொல்றீங்க. எடை போட்டுப் பாத்தீங்களா?'

'தராசே அவங்களோடதுதான் டீச்சர். சொல்லாம எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.'

பாய் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

'அடுத்த அண்டா மச்சான் போடட்டும். நீ உள்ள போ.'

சாசரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். வெங்காய மூட்டை அங்கே இருந்தது.

உள்ளிருந்து எல்லாம் கேட்கும். பாதி தெரியவும் செய்யும்.

மச்சான் சாசரைத் தொடவில்லை. பால்காரர் அளக்கிற அரை லிட்டர் குவளை ஒன்று வைத்திருந்தார். புதிதாக வாங்கியது. ஆஃபுக்கு ஒரு குவளை, ஃபுல்லுக்கு இரண்டு. நல்ல யோசனைதான். மண்டியில் சரியாக இருந்திருக்கும்.

பத்துக் கிலோ அரிசி அண்டா. திறந்தார்கள். மச்சான் குவளையை மேலாக விட்டு அள்ளினார்.

தம் பிரியாணியில் மேலே வெள்ளைச் சோறு நிற்கும். மசாலாவும் கறியும் அடியில் இருக்கும். அதனால்தான் ஓரத்தில் சாய்த்து அடிவரை போவது. மேலும் கீழும் ஒரே சாசரில் வர வேண்டும். இது தெரிய அரிசி மண்டி போதாது. முதல் தட்டு வாங்கியவர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார்.

'பாய், ரசம் கீதா?'

'பிரியாணிக்கு எதுக்குப்பா ரசம்?'

'இது பிரியாணின்னு நீ சொல்ற. சோறு வேற மாரி சொல்லுது.'

மச்சான் உஷாரானார். கறி தேடிக் கரண்டியை விட்டார். அடுத்து வந்தவருக்கு நாலு பீஸும் எண்ணெயும் போனது. சோறு இல்லை. அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வேகமாகப் போனார். அதற்கடுத்தவர் கேட்டார்.

'இன்னாண்ணா, தட்டு ஓரத்துல ஏதோ ஒட்டிக்கினு கீது. தொடைச்சிட்டுக் குடு.'

'அதான் ஆஃப்,' என்றார் மச்சான்.

'யாருக்கு? கோயிக்கா?'

ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற நாலு பேர் உண்டு. வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். குவளையைப் பார்த்தார்கள். என்னைக் காணோம் என்று பார்த்தார்கள். ஒருத்தன் மற்றவனிடம், 'மச்சான், பால் வியாபாரம் ஆரம்பிச்சுட்டாங்கடா,' என்றான். திரும்பிப் போனார்கள். சுரங்கப்பாதை பக்கம் இன்னொரு கடை இருந்தது.

நான் அரிந்துகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்.

இரண்டு மணிக்கு அண்டா காலியாகிவிடும், மற்ற ஞாயிறுகளில். அன்றைக்கு இரண்டு மணிக்கு பாய் எழுந்து வந்து அண்டாவுக்குள் பார்த்தார். பாதிக்கு மேல் நின்றது. நான்கு மணிக்கு மேல் பிரியாணி வாங்க ஆள் வராது. பாய் பழைய சோறு விற்க மாட்டார். மிச்சம் விழுந்தால் சந்து நாய்க்குத்தான்.

பேங்க் சார் இன்னும் போகவில்லை. எடை போட்ட மூன்று தட்டையும் பார்சல் கட்டி வைத்துக்கொண்டு, முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சரும் இருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், வாசனை போக.

'மச்சான் போடுற ஆஃப் ஒண்ணு குடுங்க,' என்றார் பேங்க் சார்.

தட்டு வந்தது. தராசில் வைத்தார். முந்நூறு கிராம். சரி பாதி. முள் ஒரு மயிரிழை அசையவில்லை.

மச்சான் பாயைப் பார்த்தார்.

பேங்க் சார் தட்டைப் பார்த்தார். ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பக்கமாகத் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் தட்டுதான் தெரிந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார். அரிசி உடைந்து பொங்கலாகியிருந்தது.

'கரெக்டா இருக்கு,' என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு சொன்னார். 'பாய், எனக்குப் பழைய ஆஃப் குடுக்கச் சொல்லுங்க.'

டீச்சர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

'வெங்காயம்,' என்று கத்தினார் பாய். நான் தட்டோடு வந்தேன். 'தட்ட வை. அண்டாவப் பாரு.'

பார்த்தேன். மச்சான் கறி தேடி ஒரே இடத்தில் தோண்டியிருந்தார். ஒரு பக்கம் கிணறு. இன்னொரு பக்கம் தொடாமல் அப்படியே சுவர் மாதிரி நின்றது. தப்பித்தது அதுதான்.

குழைந்ததை வழித்து வேறு பாத்திரத்தில் எடுத்தேன். அண்டா வாயில் ஈரத் துணி சுற்றி மூடி போட்டு, மேலே நெருப்புக் கரி வைத்தேன். கால் மணி நேரம். பாய் கல்லாவுக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு அதுவே பெரிய விஷயம். திறந்து, குழைந்ததை அடியில் மசாலாவோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நல்ல சோற்றை மேலே சரித்தேன். கிணறு தூர்ந்தது.

'எத்தினி தேறும்?' என்றார் பாய்.

சாசரை எடுத்துத் துடைத்தேன். அண்டாவைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். இதுவும் பழக்கம்தான். காலையில் அண்டா இறங்கியதும் பார்த்து மனதுக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்வேன். அண்டா காலியாகும்போது சரியாக வரும். யாரிடமும் சொன்னதில்லை.

'ஆஃபா போட்டா நாப்பத்தொண்ணு.'

'அளக்காமலா?' என்றார் மச்சான். 'நாப்பதுன்னு சொன்னா நம்பலாம். அது என்ன ஒண்ணு?'

'ஒண்ணு இருக்கு,' என்றேன்.

பாய் என்னையும் அவரையும் பார்த்தார். அவருக்கு வீட்டுக்குப் போய் மனைவி முகத்தையும் பார்க்க வேண்டும். யோசித்துவிட்டுச் சொன்னார்.

'நாப்பத்தொண்ணு வந்தா சாசர் உன்னுது. நீ போடுற ஆஃபுதான் கடை ஆஃப். நான் திரும்பிக்கூட பாக்க மாட்டேன். ஒண்ணு கொறஞ்சா நீ உள்ள. மச்சான், டோக்கன நீ எண்ணு.'

எங்கள் கடையில் ஆஃபுக்கு மஞ்சள் டோக்கன். கல்லாவில் காசு கொடுத்தால் பாய் தருவார். அதை என் பக்கத்து டப்பாவில் போட்டுவிட்டுத் தட்டை வாங்க வேண்டும். ஃபுல்லுக்குச் சிவப்பு. அன்றைக்கு டப்பாவைக் காலி செய்து வைத்தார், சிவப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். 'ஃபுல் தீந்துடுச்சு, ஆஃப் மட்டும்' என்றார். கேட்டவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. 'அப்ப ரெண்டு ஆஃப்' என்றார்கள், உடனே.

பேங்க் சாரும் ரெண்டு ஆஃப் என்றார். பார்சல். தராசு அப்போது பைக்குள் இருந்தது. டீச்சர் இன்னொரு ஆஃப் வாங்கினார். 'ரெண்டு ஆஃப் சாப்பிட்டா ஒண்ணு ஆச்சே டீச்சர்,' என்றேன். 'பக்கத்துக்கு ஒண்ணு அண்ணா,' என்றார்.

வாசனை சந்து முனைக்குப் போயிருக்க வேண்டும். ஆள் வந்தது. ஊரப்பாக்கம் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். நான் கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்குக்குக் கை குறைக்கும். பேங்க் சார் சொன்ன கணக்கும் வேண்டாம், மச்சான் குவளையும் வேண்டாம். தட்டைப் பார்த்து, தட்டில் கை கூசாத அளவுக்குப் போட்டேன். நடுவில் போட்ட ஒரு தட்டை அலமாரியில் எடுத்து வைத்து அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மூன்றரைக்கு சாசர் அடியில் உரசியது. ஓரத்தை வழித்துக் கடைசித் தட்டைக் கொடுத்தேன். அண்டாவைச் சாய்த்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை.

மச்சான் டப்பாவை மேசையில் கொட்டினார். பத்துப் பத்தாக அடுக்கினார். நாலு அடுக்கு வந்தது. டப்பாவுக்குள் கையை விட்டுத் தேடினார். கவிழ்த்துத் தட்டினார். மறுபடி எண்ணினார். அவர் நேர்மையான ஆள். இரண்டாவது தடவை மெதுவாக எண்ணினார்.

'நாப்பது,' என்றார். 'ஒண்ணு கொறையுது.'

அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அதை மறைக்கவும் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் நின்றுவிட்டார். பேங்க் சார் தராசுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எடுத்து வைத்த தட்டை அலமாரியிலிருந்து இறக்கினேன். மேல் தட்டைத் திறந்தேன். இன்னும் ஆவி இருந்தது. வெள்ளையும் மசாலாவும் சேர்ந்து, இரண்டு பீஸ், ஓரத்தில் கொஞ்சம் கூடுதல். மச்சான் முன்னால் வைத்தேன்.

'காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல.'

அவர் தட்டைப் பார்த்தார். அது எத்தனை கிராம் என்று அவர் கேட்கவில்லை. கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் வாய் எடுத்தவர் இரண்டாவது வாய்க்கு யோசிக்கவில்லை. பாதியில் தலையைத் தூக்காமல், 'வெங்காயம்' என்றார். பழக்கத்தில் எழுந்து போனேன். எடுத்துவந்து வைத்தேன்.

பாய் கல்லாவைத் திறந்தார். ஒரு மஞ்சள் டோக்கனை எடுத்தார். நாலு அடுக்குக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். பிறகு திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மச்சான் இடது கையால் டோக்கனையெல்லாம் தன் பக்கம் இழுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, மூன்றாவது தடவையாக எண்ணினார்.

நாற்பத்தொன்று.